நிலைவாயு என்ற கருத்தின் வீழ்ச்சி: வாயுக்கள் திரவமான வரலாறு (1761–1926)

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிவந்த வேதியியல் நூல்கள் ஆறு வாயுக்களைத் தனியே பிரித்து வைத்திருந்தன. ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, மீத்தேன் ஆகிய இவை எந்த அழுத்தத்துக்கும் எந்தக் குளிருக்கும் பணியாதவை என்று கருதப்பட்டன. 'நிலைவாயுக்கள்' என்று அவற்றுக்குப் பெயர். 1898 மே மாதத்தில் அந்தப் பட்டியலின் கடைசிப் பெயரும் அடிபட்டது.

இந்த மாற்றத்தைக் கருவிகளின் வெற்றியாகச் சொல்வதே வழக்கம். வலுவான எக்கிகள் வந்தன, கடுங்குளிர் கைக்கு எட்டியது, வாயுக்கள் ஒவ்வொன்றாகத் தோற்றன என்று கதை போகும். இதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு செய்தி இந்தக் கதைக்குள் அடங்குவதில்லை. ஆக்சிஜனைத் திரவமாக்கத் தேவையான அழுத்தத்தைப் போல ஐம்பது மடங்கு அழுத்தம் 1850களிலேயே ஆய்வாளர்களின் கையில் இருந்தது, ஆக்சிஜன் அசையவில்லை. குறை கருவியில் மட்டும் இல்லை. 'எவ்வளவு அழுத்த வேண்டும்' என்ற கேள்வி, 'எந்த வெப்பநிலைக்குக் கீழே இறக்கிவிட்டு அழுத்த வேண்டும்' என்ற கேள்வியாக மாற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்துக்கான சான்று 1822இலேயே அச்சேறிவிட்டது. அதன் முழுப்பொருள் விளங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. அந்தத் தாமதம் ஏன் நேர்ந்தது, அது எப்படித் தீர்ந்தது, தீர்ந்தபின் பொருளின் நிலைகளைப் பற்றிய எண்ணம் எவ்வாறு மாறியது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. மறைந்துபோகும் வெப்பம்

பனிக்கட்டி உருகுநிலையை எட்டியதும் சிறிது கூடுதல் வெப்பம் பட்டாலே முழுவதும் உருகிவிடும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் பொதுவான எண்ணம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக் இதை ஏற்கவில்லை. அவ்வாறானால் மலையில் கிடக்கும் பனி முழுவதும் ஒரு வெயில் நாளில் உருகி ஊரையே வெள்ளத்தில் மூழ்கடித்திருக்கும் என்பது அவர் வாதம்.

1761ஐ ஒட்டி அவர் செய்த சோதனை மிக எளியது. ஒரே அளவு நீரை இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் எடுத்து, ஒன்றை மட்டும் உறைய வைத்தார். இரண்டையும் 47 பாரன்ஹீட் பாகை வெப்பமுள்ள கூடத்தில் தொங்கவிட்டார். உறையாத நீர் அரைமணி நேரத்தில் 7 பாகை ஏறியது. பனிக்கட்டி இருந்த குடுவை அதே வெப்பநிலைக்கு வரப் பத்தரை மணி நேரம் பிடித்தது. கூடத்திலிருந்து இரண்டு குடுவைகளுக்கும் வெப்பம் ஒரே வேகத்தில் போயிருக்க வேண்டும். அப்படியானால் பனிக்கட்டி 140 பாகைக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை வெப்பமானியில் காட்டாமல் உள்வாங்கிக்கொண்டது என்று கணக்கிட்டார். இன்றைய மதிப்பு ஏறத்தாழ 144. வெப்பமானியும் கடிகாரமும் தவிர வேறு நுண்கருவி இல்லாத சோதனைக்கு இது வியக்கத்தக்க துல்லியம். இவ்வாறு மறையும் வெப்பமே உள்ளுறை வெப்பம். நீர் ஆவியாகும்போது மறையும் வெப்பம் இதைவிடப் பல மடங்கு பெரியது என்பதையும் பிளாக் கண்டார்.

இந்த ஆய்வின் விளைவு வெப்ப அளவியலோடு நிற்கவில்லை. உருகுவதும் கொதிப்பதும் பொருளுக்கும் வெப்பத்துக்கும் இடையே நடக்கும், அளந்து சொல்லக்கூடிய கொடுக்கல்வாங்கல் என்றால், திண்மம், திரவம், வாயு என்பவை எந்தப் பொருளும் தகுந்த சூழலில் ஏற்கக்கூடிய நிலைகளாகின்றன. இந்த முடிவை வெளிப்படையாகச் சொன்னவர் அந்துவான் லவாய்சியர். பூமி இப்போதைவிட மிகக் குளிர்ந்த இடத்துக்குப் பெயர்ந்தால், காற்றோ அதன் ஒரு பகுதியோ நாம் இதுவரை காணாத திரவமாகிவிடும் என்று அவர் எழுதினார். கையில் சான்று இல்லை. கோட்பாட்டை அதன் இறுதிவரை கொண்டுசென்றதன் விளைவு அது. 1789இல் வெளிவந்த அவருடைய வேதியியல் நூல் ஐரோப்பா எங்கும் பாடநூலானது. ஆனால் அடுத்த தலைமுறை வேதியியலாளர்கள் நடைமுறையில் வேறு வகைப்பாட்டையே பின்பற்றினர். நீராவி, சாராய ஆவி போன்றவை குளிர்ந்தால் திரவமாகும் 'ஆவிகள்'. ஆக்சிஜன், ஹைட்ரஜன் போன்றவை இயல்பிலேயே 'வாயுக்கள்'. இந்தப் பிரிவினைதான் பின்னர் வழியை மறித்தது.

2. ஒரு சாலையின் இரு முனைகள்

1822இல் பாரிஸில் சார்ல் கன்யார் த லா தூர் செய்த சோதனைகள் திரவத்திலிருந்து தொடங்கின. ஒலியியலில் ஈடுபாடுள்ள அவர், மூடிய கலத்தில் திரவத்தை அதன் கொதிநிலைக்கு மேல் சூடாக்கினால் என்ன ஆகும் என்று அறிய விரும்பினார். கலத்துக்கு அவர் தேர்ந்தது துப்பாக்கிக் குழல். அதற்குள் சாராயத்தையும் ஒரு சக்கிமுக்கிக்கல் உருண்டையையும் இட்டு இரு முனைகளையும் அடைத்தார். சூடேற்றியபடியே குழலை உருட்டி, உருண்டை எழுப்பும் ஓசையைக் காதால் கேட்டார். திரவத்துக்குள் உருளும்போது எழுந்த மந்தமான ஓசை, ஒரு கட்டத்துக்குமேல் வெற்றுக் குழலில் உருளும் ஓசையாக மாறியது. உள்ளே திரவம் இல்லை.

பிறகு தடித்த கண்ணாடிக் குழாய்களில் இதையே கண்ணால் பார்த்தார். சூடு ஏற ஏறத் திரவம் விரிந்தது; ஒரு வெப்பநிலையில் திரவத்துக்கும் ஆவிக்கும் இடையிலிருந்த கோடு மறைந்து, குழாய் முழுவதும் ஒரே சீரான பொருளாயிற்று. குளிர்ந்தபோது ஒரு கணம் அடர்ந்த மேகம் தோன்றித் திரவம் திரும்பி வந்தது. ஈதருக்கு இது நிகழும்போது அழுத்தம் சுமார் 37 வளிமண்டலம் என்று அளந்தார். இன்றைய மதிப்பு 36. நீரோடு செய்த சோதனைகள் கடினமாக இருந்தன. அந்த வெப்பத்தில் நீர் கண்ணாடியையே அரித்தது.

அடுத்த ஆண்டு, 1823 மார்ச்சில், இலண்டன் ராயல் நிறுவனத்தில் மைக்கேல் ஃபாரடே எதிர்முனையிலிருந்து தொடங்கினார். குளோரினும் நீரும் சேர்ந்து உறைந்த படிகத்தை மூடிய குழாயில் இட்டுச் சூடாக்குமாறு ஹம்ஃப்ரி டேவி சொல்லியிருந்தார். ஆய்வகத்துக்கு வந்த பாரிஸ் என்ற மருத்துவர் குழாயின் ஓரத்தில் எண்ணெய் போன்ற ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டு, கழுவாத குழாயில் வேலை செய்வதாக ஃபாரடேயைக் கேலி செய்தார். அந்த எண்ணெய்தான் திரவக் குளோரின். மூடிய இடத்தில் வெளிப்பட்ட வாயு தன் அழுத்தத்தாலேயே திரவமாகியிருந்தது.

இந்த உத்தியைக்கொண்டு சல்ஃபர் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, சயனோஜன், அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு ஆகியவற்றை ஃபாரடே அடுத்தடுத்துத் திரவமாக்கினார். குழாய்கள் பலமுறை வெடித்தன. ஒரு வெடிப்பில் கண்ணாடிச் சில்லுகள் அவர் கண்ணில் பாய்ந்தன. தமக்கு முன்பே அம்மோனியா போன்ற சில வாயுக்களைப் பிறர் திரவமாக்கியிருந்ததை அறிந்ததும், 1824இல் அதை ஒரு வரலாற்றுக் குறிப்பாகவே வெளியிட்டார்.

இன்று பார்த்தால் இந்த இரண்டு ஆய்வுகளும் ஒரே சாலையின் இரு முனைகள். கன்யார் திரவத்தைச் சூடாக்கி, இனித் திரவமாக இருக்க முடியாத எல்லையைக் கண்டார். ஃபாரடே வாயுவை அழுத்தித் திரவத்தைப் பெற்றார். முன்னவரின் எல்லை பின்னவரின் வாயுக்களுக்கும் உண்டு என்று கொண்டால், அந்த எல்லைக்கு மேல் எந்த அழுத்தமும் பலிக்காது என்பது உடனே கிடைத்துவிடும். ஆனால் கன்யாரின் கட்டுரை ஈதர், சாராயம், நீர் ஆகியவற்றின் 'ஆவி' பற்றியதாக வாசிக்கப்பட்டது. ஃபாரடேயின் கட்டுரை 'வாயு' பற்றியது. வகைப்பாடு இரண்டையும் வெவ்வேறு அலமாரிகளில் வைத்துவிட்டது.

3. பணியாத ஆறும் ஒரு முன்கணிப்பும்

1830களில் குளிரின் எல்லை விரிந்தது. பாரிஸில் அத்ரியன் தீலோரியே இரும்புக் கலங்களில் கார்பன் டை ஆக்சைடைப் பெருமளவில் திரவமாக்கினார். அது வெளியே பீறிடும்போது வெண்பனியாக உறைவதைக் கண்டார். இன்று நாம் உலர்பனி என்று சொல்வது அதுதான். அதை ஈதருடன் கலந்தால் அதுவரை காணாத குளிர் கிடைத்தது. இதற்கு விலையும் இருந்தது: 1840இல் அவ்வகைக் கலம் ஒன்று வெடித்து, பாரிஸ் மருந்தியல் பள்ளியின் உதவியாளர் எர்வி உயிரிழந்தார்.

ஃபாரடே 1844–45இல் இந்தக் குளிர்கலவையோடு பழைய ஆய்வுக்குத் திரும்பினார். கலவையை வெற்றிடத்தில் ஆவியாக்கி சுமார் −110 செல்சியஸ் பாகை வரை இறங்கினார். எத்திலீன் உட்பட மேலும் பல வாயுக்கள் பணிந்தன. முன்னுரையில் சொன்ன ஆறு மட்டும் மிஞ்சின. ஆக்சிஜனின் எல்லை வெப்பநிலை −118.6 பாகை என்று இன்று தெரியும். ஒன்பது பாகைக்கும் குறைவான தொலைவில் அது ஃபாரடேயின் கையிலிருந்து நழுவியது.

இங்கே வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி தாண்டிச் செல்லும் ஒரு செய்தி இருக்கிறது. கன்யாரின் சோதனையை வாயுக்களோடு பொருத்திப் பார்த்த முதல்வர் ஃபாரடேதான். அந்த விந்தை நிலைக்குத் தகுந்த பெயர் தேடி 1844இல் வில்லியம் ஹ்யூவெலுக்குக் கடிதமும் எழுதினார். 1845 கட்டுரையில், தாம் எட்டிய குளிர் ஹைட்ரஜனுக்கும், ஒருவேளை ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும், கன்யார் கண்ட எல்லைக்கு மேலேயே இருக்கக்கூடும் என்றும், அப்படியானால் இதைவிடக் கடுங்குளிர் இல்லாமல் அழுத்தம் மட்டும் பயன் தராது என்றும் தெளிவாகக் கூறினார்.

அந்தப் பத்தி வாசிக்கப்பட்டது, பின்பற்றப்படவில்லை. 'நிலைவாயு' என்ற பட்டியல் அதைவிட வேகமாகப் பரவியது. வியன்னாவில் யோகான் நாட்டரர் 1850களில் இந்த வாயுக்களை 2700 வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தத்துக்கு உட்படுத்தினார். பயனில்லை. அவருடைய தோல்வி வாயுக்களின் பிடிவாதத்துக்குக் கூடுதல் சான்றாகவே பதிவாயிற்று. 1860–61இல் திமீத்ரி மெந்தலீவ், திரவத்தின் பரப்பு இழுவிசையும் ஆவியாதல் வெப்பமும் சுழியாகும் வெப்பநிலையை 'தனிக் கொதிநிலை' என்று வரையறுத்தார். ஃபாரடேயின் ஊகத்துக்கு அது இன்னொரு திசையிலிருந்து வந்த ஆதரவு. இருந்தும், ஒரே பொருளைக்கொண்டு இரு முனைகளையும் இணைத்துக் காட்டும் அளவீடு இன்னும் இல்லை.

4. பெல்ஃபாஸ்ட் அளவீடுகள்

அந்த அளவீட்டைச் செய்தவர் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரியின் தாமஸ் ஆண்ட்ரூஸ். முதலில் நிலைவாயுக்களையே அழுத்திப் பார்த்துத் தோற்ற அவர், பின்னர் கார்பன் டை ஆக்சைடுக்கு மாறினார். மயிரிழைத் துளையுள்ள கண்ணாடிக் குழாயில் வாயுவைப் பாதரசத்தால் அடைத்து, திருகாணியால் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். வெப்பநிலையை மாறாமல் வைத்து, அழுத்தத்துக்கேற்பக் கனஅளவு எப்படிக் குறைகிறது என்று வரைந்தார். 13.1, 21.5, 31.1, 32.5, 35.5, 48.1 பாகைகளில் அவர் வரைந்த சமவெப்பக் கோடுகள் இன்றும் பாடநூல்களில் உள்ளன.

13.1 பாகையில் சுமார் 49 வளிமண்டல அழுத்தத்தில் திரவம் தோன்றுகிறது. வாயு முழுவதும் திரவமாகும்வரை அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்க, கோடு கிடைமட்டமாகச் செல்கிறது. 21.5 பாகையில் அந்தக் கிடைப்பகுதி குறுகுகிறது. 31.1 பாகையில் அது இல்லவே இல்லை. கோடு செங்குத்தாகச் சரிகிறதே தவிர எங்கும் திரவ மட்டம் தெரிவதில்லை. 48.1 பாகையில் கோடு சாதாரண வாயுவின் கோட்டை ஒத்திருக்கிறது. ஆண்ட்ரூஸ் எல்லையை 30.92 பாகை என்று குறித்தார். இதுவே மாறுநிலை வெப்பநிலை. இன்றைய அளவீடு இதிலிருந்து பாகையின் பத்தில் ஒரு பங்குகூட விலகவில்லை.

1869ஆம் ஆண்டின் பேக்கரியன் சொற்பொழிவில் அவர் இன்னொரு சோதனையை முன்வைத்தார். இக்கட்டுரையின் நோக்கில் அதுவே முதன்மையானது. 50 பாகையில் உள்ள வாயுவை 150 வளிமண்டலம்வரை அழுத்துகிறார். கனஅளவு சீராகக் குறைகிறது. அழுத்தத்தை விடாமல் அறை வெப்பநிலைவரை குளிர்விக்கிறார். தொடக்கத்தில் இருந்தது ஐயமற வாயு. முடிவில் இருப்பது ஐயமறத் திரவம். இடையில் எந்தக் கட்டத்திலும் இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை, மட்டம் தோன்றவில்லை, வெப்பம் திடீரென வெளிப்படவில்லை. வாயு எங்கே முடிந்தது, திரவம் எங்கே தொடங்கியது என்று சுட்ட இடமே இல்லை. கொதித்தல் என்பது ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஒரு வழி மட்டுமே. எல்லையைச் சுற்றிக்கொண்டு செல்லும் வழியும் உண்டு.

ஆண்ட்ரூஸின் தேர்வில் ஒரு நல்வாய்ப்பும் இருந்தது. கார்பன் டை ஆக்சைடின் எல்லை அறை வெப்பநிலைக்குச் சற்று மேலே அமைந்திருப்பதால், பெல்ஃபாஸ்டில் இரு பக்கமும் எளிதாகப் போய்வர முடிந்தது. சென்னையில் மே மாத நண்பகலில் 31 பாகைக்கு மேல் சூடேறிய தீயணைப்பு உருளைக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடில் திரவ மட்டமே இராது.

5. லைடன் ஆய்வேடு

ஆண்ட்ரூஸ் காட்டிய தொடர்ச்சிக்குக் காரணம் சொன்னவர் நெதர்லாந்தின் யோகான்னஸ் வான் டெர் வால்ஸ். தச்சரின் மகனாகப் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியபடியே பட்டம் பெற்ற அவர், 1873 ஜூனில் வாயு, திரவ நிலைகளின் தொடர்ச்சி பற்றிய ஆய்வேட்டை லைடன் பல்கலைக்கழகத்தில் அளித்தார்.

அவருடைய கருத்து சுருக்கமானது. பாயிலின் விதி மூலக்கூறுகளை அளவற்ற புள்ளிகளாகவும் ஒன்றையொன்று ஈர்க்காதவையாகவும் கொள்கிறது. மூலக்கூறுகள் இடத்தை அடைக்கின்றன என்பதற்கு ஒரு திருத்தம், ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்பதற்கு இன்னொரு திருத்தம் ஆகிய இரண்டையும் சேர்த்தால் ஒரே சமன்பாடு வாயுவையும் திரவத்தையும் விவரிக்கிறது. இரு நிலைகளிலும் மூலக்கூறுகள் அவையே. அவற்றின் இயக்கத்துக்கும் ஈர்ப்புக்கும் இடையிலான சமநிலைதான் வேறு. மாறுநிலை வெப்பநிலைக்கு மேல் இயக்கம் ஓங்கி நிற்பதால், எவ்வளவு நெருக்கினாலும் மூலக்கூறுகள் தனித் திரவமாகத் திரள்வதில்லை. இந்த ஆய்வேட்டுக்காகவே பலர் டச்சு மொழி கற்கத் தொடங்கியதாக ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1874இல் தம் மதிப்புரையில் குறிப்பிட்டார்.

நடைமுறையில் இதன் பயன் பெரிது. ஒரு வாயு சாதாரண வெப்பநிலைகளில் பாயிலின் விதியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளந்தால் இரு திருத்தங்களின் மதிப்பும் கிடைக்கும். அவற்றிலிருந்து மாறுநிலை வெப்பநிலையைக் கணக்கிடலாம். அதாவது ஒரு வாயுவைத் திரவமாக்காமலே, அது எங்கே திரவமாகும் என்று சொல்லிவிடலாம். 1880இல் அவர் வகுத்த ஒத்த நிலைகளின் விதி, எல்லாப் பொருள்களும் தத்தம் மாறுநிலை அளவுகளை அலகாகக் கொண்டால் ஏறத்தாழ ஒரே வகையில் நடந்துகொள்கின்றன என்றது. இதற்குப்பின் 'நிலைவாயு' என்பதற்குக் கோட்பாட்டில் இடமில்லை. மாறுநிலை வெப்பநிலை மிகத் தாழ்ந்த வாயுக்கள் உண்டு, அவ்வளவுதான்.

6. மூடுபனியிலிருந்து திரவ மட்டம் வரை

1877 டிசம்பர் மாதம் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு இரண்டு செய்திகள் வந்தன. பிரான்ஸின் ஷத்தியோன்-சூர்-சேன் ஊரில் இரும்பாலை நடத்திவந்த லூயி கய்யத்தே, 300 வளிமண்டலம் அளவில் அழுத்தி −29 பாகைவரை குளிர்வித்த ஆக்சிஜனைத் திடீரென விரியவிட்டார். விரிவதற்கு வாயு செலவிட்ட ஆற்றல் அதையே கடுமையாகக் குளிர்வித்தது. குழாயில் நொடிநேரம் மூடுபனி தோன்றி மறைந்தது. அசிட்டிலீனைக் கையாளும்போது கருவியில் ஏற்பட்ட கசிவு இதே போன்ற மூடுபனியைக் காட்டியதே அவருக்குக் கிடைத்த துப்பு. ஜெனீவாவின் ராவுல் பிக்தே வேறு வழியில் சென்றார். சல்ஃபர் டை ஆக்சைடை ஆவியாக்கிக் கார்பன் டை ஆக்சைடைக் குளிர்வித்து, அதை ஆவியாக்கி ஆக்சிஜனைக் குளிர்வித்தார். 22ஆம் தேதி அவருடைய தந்தி வந்தது. கய்யத்தேயின் கடிதமோ டிசம்பர் 3 அன்றே முத்திரையிட்டு வைக்கப்பட்டிருந்தது. 24ஆம் தேதிக் கூட்டத்தில் இரண்டும் வாசிக்கப்பட்டன.

மூடுபனியும் பீச்சலும் கிடைத்தன. கலத்தில் அமைதியாகக் கொதிக்கும் திரவம் கிடைக்கவில்லை. அதை 1883 ஏப்ரலில் கிராக்கோவின் யாகெலோனியப் பல்கலைக்கழகத்தில் சிக்முண்ட் வ்ருப்ளெவ்ஸ்கி, கரோல் ஓல்ஷெவ்ஸ்கி இருவரும் பெற்றனர். குறைந்த அழுத்தத்தில் கொதிக்கும் எத்திலீனால் −130 பாகைக்கும் கீழே சென்று, ஆக்சிஜனை அதன் மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே வைத்து அழுத்தினர். அழுத்தம் இப்போது பெரிதாகத் தேவைப்படவில்லை. சில நாட்களில் நைட்ரஜனும் பணிந்தது. நாட்டரரின் 2700 வளிமண்டலம் செய்யாததை, குளிரும் கோட்பாடும் சேர்ந்து சிறு கண்ணாடிக் குழாயில் செய்து முடித்தன.

எஞ்சியது ஹைட்ரஜன். நுண்துளை வழியே விரியும் வாயு குளிரும் என்பதை ஜூலும் தாம்சனும் 1852இலேயே கண்டிருந்தனர். அவ்வாறு குளிர்ந்த வாயுவைக்கொண்டே உள்ளே வரும் வாயுவைக் குளிர்விக்கும் சுழற்சி முறையை 1895இல் ஜெர்மனியில் கார்ல் லிண்டேயும் இங்கிலாந்தில் வில்லியம் ஹாம்ப்சனும் தனித்தனியே வகுத்தனர். காற்று டன் கணக்கில் திரவமாகும் தொழில் பிறந்தது. ஹைட்ரஜன் சாதாரண வெப்பநிலையில் விரிந்தால் குளிர்வதற்குப் பதில் சூடாகும் என்பது தடை. முதலில் அதைத் திரவக் காற்றால் குளிர்வித்துவிட்டால் அந்தக் குணம் மாறிவிடுகிறது. ராயல் நிறுவனத்தில் ஜேம்ஸ் டியூவர் இவ்வழியே 1898 மே 10 அன்று சுமார் 20 கன சென்டிமீட்டர் திரவ ஹைட்ரஜனைத் திரட்டினார். அதைத் தேக்கிவைக்க உதவியது அவரே 1892இல் அமைத்த இரட்டைச் சுவர் வெற்றிடக் குடுவை. இன்று நம் வீடுகளில் காப்பியைச் சூடாக வைத்திருக்கும் பிளாஸ்க்கின் மூலவடிவம் அது.

7. ஹீலியமும் எதிர்பாராத திருப்பமும்

பழைய பட்டியல் தீர்ந்த வேளையில் புதிய வாயு ஒன்று சேர்ந்திருந்தது. 1868 ஆகஸ்ட் 18 அன்று தென்னிந்தியாவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணக் குண்டூரில் ழூல் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனும் முகாமிட்டிருந்தனர். சூரியப் பிழம்புகளின் நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோடு அதுவரை அறிந்த எந்தத் தனிமத்துக்கும் உரியதல்ல என்பது பின்னர் லாக்கியர் முதலானோர் ஆய்வால் உறுதிப்பட்டது. 1895இல் வில்லியம் ராம்சே அதே வாயுவைப் பூமியின் யுரேனியக் கனிமத்திலிருந்து பிரித்தார்.

ஹீலியத்தைத் திரவமாக்கும் போட்டியில் வென்றது லைடனின் ஹைக்கே கமர்லிங் ஓன்னஸின் ஆய்வகம். அவர் வான் டெர் வால்ஸின் நண்பர். ஒத்த நிலைகளின் விதியே அவருக்கு வழிகாட்டி. சமவெப்பக் கோடுகளை ஆண்டுக்கணக்கில் அளந்து, ஹீலியத்தின் மாறுநிலை வெப்பநிலை தனிச்சுழியிலிருந்து 5, 6 கெல்வின் அளவில் இருக்கும் என்று முன்கூட்டியே கணித்தார். இடையில் உள்ளூரிலிருந்தே தடை வந்தது. 1807இல் வெடிமருந்துக் கப்பல் வெடித்துத் தரைமட்டமான பகுதியில்தான் ஆய்வகம் நின்றது. அழுத்த வாயுக் கலங்களை அங்கே வைக்க 1890களில் எதிர்ப்பு எழுந்து, பணி சில ஆண்டுகள் முடங்கியது. சோதனைக்கான ஹீலியம் மோனசைட் மணலிலிருந்து எடுக்கப்பட்டது.

1908 ஜூலை 10 அன்று காலையில் தொடங்கிய வேலைக்கு 75 லிட்டர் திரவக் காற்றும் 20 லிட்டர் திரவ ஹைட்ரஜனும் பக்கத்தில் இருந்தன. மாலையில் வெப்பமானியின் அளவு இறங்காமல் நின்றது. ஆனால் கலத்தில் எதுவும் தெரியவில்லை. ஒளியைக் கீழிருந்து பாய்ச்சிப் பார்க்குமாறு சக பேராசிரியர் ஸ்க்ரைனமேக்கர்ஸ் சொன்னபிறகுதான், கலம் ஏறக்குறைய நிறைந்து நிற்பது புலப்பட்டது. ஒளியை மிகக் குறைவாகவே வளைக்கும் திரவமாதலால் அதன் மட்டம் கண்ணுக்குத் தப்பியிருந்தது. கிடைத்தது சுமார் 60 கன சென்டிமீட்டர், கொதிநிலை 4.2 கெல்வின். கணிப்பு பலித்தது.

ஓன்னஸ் அன்று இரவே அதை உறையவைக்க முயன்றார். எல்லாத் திரவமும் போதிய அளவு குளிர்ந்தால் உறையும் என்பது பிளாக் காலம்முதல் வந்த எதிர்பார்ப்பு. ஹீலியம் உறையவில்லை. அவருடைய மாணவர் வில்லெம் கேசோம் 1926இல் 25 வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தம் கொடுத்தே திண்ம ஹீலியத்தைப் பெற்றார். சாதாரண அழுத்தத்தில் தனிச்சுழிவரை ஹீலியம் திரவமாகவே இருக்கிறது. அதன் அணுக்களுக்குக் குவாண்டம் விதிகளின்படி எஞ்சும் அசைவு, அவற்றை இடம்பெயராத படிகமாக அடங்க விடுவதில்லை. வாயுக்களின் பிடிவாதம் பற்றிய பழைய நம்பிக்கையைத் தகர்த்த அதே ஆய்வுவரிசை, திரவத்தின் பிடிவாதம் ஒன்றை மெய்யாகவே கண்டுபிடித்தது.

முடிவுரை

இந்த வரலாறு மூன்று முடிவுகளுக்கு இட்டுச்செல்கிறது. முதலாவது, தாமதத்தின் காரணம். கன்யாரின் சான்று 1822இலும் ஃபாரடேயின் ஊகம் 1845இலும் அச்சில் இருந்தன. அவற்றைப் பயனற்றதாக்கியது, ஆவியும் வாயுவும் வெவ்வேறு இனம் என்ற வகைப்பாடு. ஒரே பொருளில் இரு பக்கத்தையும் அளந்து அந்த வேலியை ஆண்ட்ரூஸ் அகற்றியபின், ஆறு வாயுக்களும் முப்பது ஆண்டுகளுக்குள் பணிந்தன.

இரண்டாவது, கோட்பாட்டுக்கும் சோதனைக்கும் இடையிலான உறவு இடையில் திசைமாறியது. ஃபாரடேயின் காலத்தில் எது திரவமாகும் என்பது முயன்றபின்தான் தெரிந்தது. ஓன்னஸின் காலத்தில் எந்த வெப்பநிலைக்குப் போக வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தது; அங்கே போய்ச் சேர்வதே வேலையாயிற்று. இன்றைய தொழில்நுட்பம் இந்தக் கணக்கின்மேல் நிற்கிறது. சமையல் எரிவாயுவில் உள்ள புரப்பேனின் மாறுநிலை வெப்பநிலை 96 பாகைக்கு மேல். எனவே மிதமான அழுத்தத்திலேயே உருளைக்குள் திரவமாக நிற்கிறது. மீத்தேனுக்கு அது −82.6 பாகை, எனவே வாகனங்களில் 200 மடங்கு அழுத்தினாலும் வாயுவாகவே இருக்கிறது, கப்பலில் கொண்டுவர −162 பாகைக்குக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. எண்ணூர்த் துறைமுகத்தில் 2019முதல் இயங்கும் முனையம் அவ்வாறு வரும் திரவத்தைத்தான் இறக்குகிறது. அதே கடற்கரையில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் 800 மெகாவாட் புதிய அலகு, நீரை அதன் மாறுநிலையான 374 பாகைக்கும் 218 வளிமண்டலத்துக்கும் மேலே கொண்டுசென்று, கொதிக்கவிடாமலே நீராவியாக்குகிறது. நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரயோஜெனிக் எஞ்சின்கள் எரிப்பதோ ஒருகாலத்து நிலைவாயுக்கள் இரண்டை: திரவ ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜன்.

மூன்றாவது, நிலைகளுக்கு இடையிலான எல்லைகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையிலான எல்லை ஒரு புள்ளியில் முடிந்துவிடுகிறது. அதைச் சுற்றிப் போகலாம். திண்மத்துக்கும் திரவத்துக்கும் இடையில் அத்தகைய முடிவுப்புள்ளி காணப்படவில்லை. ஹார்வர்டில் பெர்சி பிரிட்ஜ்மன் பேரழுத்தங்களில் உருகுநிலைகளைத் தொடர்ந்து அளந்தும் கோடு முடியும் இடம் தெரியவில்லை. படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன, திரவத்தில் அந்த ஒழுங்கு இல்லை. ஒழுங்கு இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம், பாதியளவு இருக்க இயலாது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். வாயுவும் திரவமும் ஒழுங்கின்மையில் ஒன்றுபட்டவை. அவற்றிடையே உள்ளது அடர்த்தி வேறுபாடு. ஆகவே மூன்று நிலைகள் என்று பாடநூல் ஒரே வரிசையில் வைக்கும் பகுப்பில், உருகுதல் ஒழுங்கின் மாற்றத்தையும் கொதித்தல் நெருக்கத்தின் மாற்றத்தையும் குறிக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிய வைத்ததே நிலைவாயு ஆராய்ச்சியின் நிலைத்த பயன்.